முகப்புக் காப்பு யாரைக் காக்கிறது?



நம் சமூகத்தில் வாகனம் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுபவர்கள் ஏராளம். வளைகுடாவின் பாலைவனச் சாலைகளிலும், தமிழகத்து நெடுஞ்சாலைகளிலும், அண்மைக் காலமாகக் கனடாவின் பனிச் சாலைகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நலமாகத் திரும்ப வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்கள் துஆச் செய்கிறோம். டயர், பிரேக், காப்பீடு ஆகியவற்றைப் பற்றியும் ஓரளவு விசாரிக்கிறோம். வண்டியின் முகப்பில் பொருத்தப்படும் உலோகக் காப்பைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அழகுக்காக வைப்பது என்றோ, வைத்தால் நல்லதுதானே என்றோ விட்டுவிடுகிறோம். ஒரே பொருள் ஓர் இடத்தில் உயிரைக் காப்பதாகவும் மற்றோர் இடத்தில் உயிரைப் பறிப்பதாகவும் அமையக்கூடும். எங்கள் குடும்பத்தின் இரு வண்டிகளை முன்வைத்து அதனை விளக்க முயல்கிறேன்.

வடக்கு ஒன்டாரியோவின் இரவு

நான் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சொந்த டிரக் ஓட்டுகிறேன். டொரன்டோவில் சரக்கு ஏற்றி வின்னிபெக்கில் இறக்குவது என் வழக்கமான வேலை. ஒரு வழிப் பயணமே 2,000 கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி 11-ஆம் எண் நெடுஞ்சாலையில், காக்ரேன், கபுஸ்கேசிங், ஹர்ஸ்ட் ஆகிய சிற்றூர்களின் வழியே செல்லும். ஹர்ஸ்ட்டைக் கடந்தால் லாங்லாக் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு இருபுறமும் காடுதான். எதிரெதிர்த் திசைகளுக்கு ஒவ்வொரு தடம் மட்டுமே கொண்ட சாலை. நீண்ட தூரத்துக்குக் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது.

அந்தக் காட்டில் மூஸ் என்னும் விலங்கு வாழ்கிறது. மான் குடும்பத்தில் மிகப் பெரியது இதுவே. வளர்ந்த ஆண் விலங்கு 500 கிலோ எடையைத் தொடும். தோள் உயரமே ஏறக்குறைய இரண்டு மீட்டர். உடல் கரும்பழுப்பு நிறமாதலால் இரவில் சாலையோடு கலந்துவிடும். நீண்ட கால்களின் மீது உடல் உயர்ந்து நிற்பதால், காரின் முகப்பு விளக்கொளி பெரும்பாலும் அதன் கால்களில் மட்டுமே படும். கண்கள் ஒளிர்ந்து எச்சரிப்பதும் அரிது. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவிய உப்பு வசந்த காலத்தில் ஓரத்துக் குழிகளில் தேங்கும். அதனைக் குடிக்க மூஸ்கள் சாலையோரம் வரும். இலையுதிர் காலம் அவற்றின் இணைசேரும் பருவம். அப்போதும் நடமாட்டம் மிகும். மூஸின் உருவத்தோடு இரவில் ஆபத்து என்று எழுதிய பலகைகள் அந்தச் சாலையெங்கும் நிற்கின்றன.

டிரக் பெரிய வண்டியாயிற்றே, விலங்கு மோதினால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்பதுண்டு. வட அமெரிக்க டிரக்குகளில் என்ஜின் ஓட்டுநருக்கு முன்னால், நீண்ட பானெட்டின் கீழே இருக்கும். அந்தப் பானெட் இரும்பன்று. இழைக் கலவையால் ஆனது. அதன் கிரில்லுக்குப் பின்னால் சில அங்குல இடைவெளியில் ஏ.சி. கண்டென்சர், என்ஜினுக்குச் செல்லும் காற்றைக் குளிர்விக்கும் கூலர், ரேடியேட்டர் மூன்றும் அடுக்காக நிற்கும். 500 கிலோ எடை அங்கே மோதினால் மூன்றும் நொறுங்கும். குளிர்விக்கும் திரவம் சில நிமிடங்களில் வடிந்துவிட, என்ஜின் நின்றுபோகும். வெளியே குளிர் மைனஸ் 30 பாகை. படுக்கை அறையைச் சூடாக்கும் கருவி டீசலில் எரிந்தாலும், அதனை இயக்கும் பேட்டரியில் மின்சாரம் உள்ளவரையே ஓடும். எங்கள் பள்ளிவாசலுக்குத் தொழ வரும் நண்பர் ஒருவர் இவ்வாறு நள்ளிரவில் நின்றுபோய், மீட்பு வண்டி வந்து சேரும்வரை ஒன்பது மணி நேரம் காத்திருந்தார். மோதலில் அவருக்குக் காயமில்லை. அந்தக் காத்திருப்பிலேயே கால்விரல்களை இழக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

அச்செய்தி எங்கள் வீட்டை எட்டிய இரவு என் மனைவி ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார்: “மச்சான், வண்டிக்கு அந்தக் கம்பியைப் போட்ட பொறவுதான் அடுத்த லோடு.”

தேர்வு செய்யும்போது பார்த்தவை

இங்குள்ள ஓட்டுநர்கள் இதனை மூஸ் பம்பர் என்பார்கள். விளம்பரங்களில் பளபளப்பே முன்னால் நிற்கும். நான் கவனித்தவை வேறு நான்கு.

முதலாவது, எடை. ஒரே கன அளவில் அலுமினியம் எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அதே வலிமைக்கு அலுமினியத்தைத் தடிமனாக வார்க்க வேண்டியிருப்பதால் அந்த வேறுபாடு முழுவதும் கிடைக்காது. ஆயினும் கணிசமான எடை குறையும். முன் அச்சு தாங்கக்கூடிய எடை ஓட்டுநர் கதவருகே ஒரு தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். என் வண்டிக்கு அது 12,000 பவுண்டு, அதாவது 5,443 கிலோ. டீசல் தொட்டிகளை நிரப்பி எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபோது அந்த வரம்புக்கு ஏறத்தாழ 200 கிலோ மட்டுமே மீதம் இருந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. காப்பு முன் அச்சின் மேலே அமர்வதில்லை. அதற்கும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. முன் பின் அச்சுகளுக்கு இடையே 6 மீட்டர் தூரமும், முன் அச்சிலிருந்து காப்புக்கு 1.2 மீட்டர் தூரமும் இருப்பதாகக் கொள்வோம். 100 கிலோ காப்பு முன் அச்சில் 120 கிலோவாகப் பதியும். பின் அச்சில் 20 கிலோ குறையும். குழந்தைகளின் ஏற்ற இறக்கப் பலகையில் நடப்பதும் இதுவே. எஃகுக் காப்பை வாங்கியிருந்தால் மீதமிருந்த இடம் முழுவதும் அதற்கே போயிருக்கும். ஆகவே அலுமினியத்தைத் தேர்ந்தேன்.

இரண்டாவது, வண்டியின் கண். இப்போதைய டிரக்குகளின் பம்பர் நடுவில் ஒரு ரேடார் இருக்கும். முன்னால் செல்லும் வண்டியின் தூரத்தை அளந்து, தேவையானால் தானே பிரேக் பிடிக்கச் செய்வது அதுதான். காப்பின் குறுக்குக் கம்பி அதனை மறைத்தால், மூஸிலிருந்து தப்புவதற்காக வாங்கிய பொருளே மற்ற விபத்துகளுக்கு வழி திறந்துவிடும். மலிவான காப்புகள் சில இதனைப் பொருட்படுத்தாமல் செய்யப்பட்டவை. வண்டியின் மாதிரி, ஆண்டு, ரேடாரின் வகை ஆகிய மூன்றையும் விற்பனையாளரிடம் எழுதிக் கொடுத்து, அதற்கேற்ற இடைவெளி உள்ளது என்று எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுத்தேன். முகப்பு விளக்குகளும் பதிவுத் தகடும் மறையாமல் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கீல். வட அமெரிக்க டிரக்கின் பானெட் முன்னோக்கிச் சாயும். ஆதலால் காப்பைக் கீலில் மடக்கி இறக்கினால்தான் பானெட்டைத் திறக்க முடியும். புறப்படும் முன் எண்ணெய், குளிர்விக்கும் திரவம், பெல்ட் ஆகியவற்றைப் பார்க்க நாள்தோறும் பானெட்டைத் திறக்க வேண்டும். காப்பை இறக்குவது இருவர் வேலையானால், மைனஸ் 25 பாகையில் தனியாக நிற்கும் ஓட்டுநர் இன்று ஒருநாள் பார்க்காவிட்டால் என்ன என்று நினைப்பார். அந்த ஒருநாள் ஒரு வாரமாக நீளும். பளுவைத் தாங்கி மெல்ல இறக்கும் உந்துதண்டு பொருத்திய காப்புக்குச் சற்று அதிக விலை. அந்தப் பணத்தை நான் தயங்காமல் கொடுத்தேன்.

நான்காவது, காற்று. கம்பிகள் நெருக்கமாக இருந்தால் ரேடியேட்டருக்குச் செல்லும் காற்று தடைபடும். மேடேறும்போது விசிறி அடிக்கடி ஓடி டீசலைத் தின்னும். கோடையில் எவ்வளவு காற்று தேவை என்பதைக் குளிர்காலத்தில் வாங்குபவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

பொருத்திய விதம்

காப்பின் வலிமை அதன் கம்பியில் பாதி. அது எதன்மீது நிற்கிறது என்பதில் மீதிப் பாதி. பம்பர் தகட்டில் மட்டும் மாட்டிய காப்பு மோதலில் பின்னுக்கு மடிந்து தானே ரேடியேட்டரைக் குத்தும். முறையான காப்பு, பம்பருக்குப் பின்னால் செல்லும் தடித்த பிராக்கெட்டுகளின் வழியே சேஸிஸ் சட்டத்தையே பற்றிக்கொள்ளும்.

அந்தச் சட்டத்தில் வெல்டிங் வைப்பதோ, மேல் கீழ் விளிம்புகளில் துளையிடுவதோ கூடாது. கனரக டிரக்கின் சேஸிஸ் வெப்பப் பதம் செய்த எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் கெட்டு, பின்னொரு நாள் அங்கிருந்தே விரிசல் தொடங்கும். உற்பத்தியாளர் விட்டிருக்கும் துளைகளையே பயன்படுத்த வேண்டும். எனக்குப் பொருத்திய மெக்கானிக் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். பிறகு ரேடார், பனிமூட்ட விளக்கு ஆகியவற்றின் வயர்களைப் பிரித்துப் பம்பரை இறக்கினார். தலையில் ஆறு கோடுகள் பொறித்த உயர் வலிமை போல்ட்டுகளை மட்டுமே பயன்படுத்தி, டார்க் ரென்ச்சால் குறித்த அளவுக்கு முறுக்கினார். முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மீதும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். நட்டு சற்றே தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும்.

அலுமினியமும் எஃகும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும் இடத்தில் சாலை உப்பு நீர் புகுந்தால், மின்கலத்தில் நடப்பது போன்ற வேதிவினை நிகழ்ந்து அலுமினியம் அரித்துப்போகும். அதற்காக இரண்டுக்கும் நடுவே நைலான் வாஷர்களையும் தடுப்புப் பசையையும் வைத்தார். இறுதியாக வண்டியை ஓட்டிப் பார்த்து, ரேடார் பழுது விளக்கு எரியவில்லை என்பதை உறுதி செய்தார். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் போல்ட்டுகளை மீண்டும் முறுக்கச் சொன்னார். அரை நாள் வேலை. காப்பீட்டு முகவருக்கும் இம்மாற்றத்தை எழுதித் தெரிவித்தேன்.

காப்பு செய்யாத வேலை

காப்பு வந்தபின் வீட்டில் நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்கும் ஓர் எல்லை உண்டு என்று என் மனைவியிடம் விளக்கினேன். காப்பு விபத்தைத் தடுப்பதில்லை. விபத்துக்குப் பிறகு வண்டி நகரும் நிலையில் இருக்க உதவுகிறது, அவ்வளவே. விபத்தைத் தடுப்பது வேகம்தான். அச்சாலையில் அனுமதித்த வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 25 மீட்டர். விலங்கைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் 37 மீட்டர் கடந்திருப்போம். பிரேக் பிடிக்கத் தொடங்குவதே அதன் பிறகுதான். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்வதால், 90-ஐ 80 ஆகக் குறைத்தாலே மோதும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரவில் 80-க்கு மேல் செல்வதில்லை என்பது நான் வீட்டுக்குக் கொடுத்த வாக்கு. காப்பு இருக்கும் துணிவில் அந்த வாக்கை மீறினால், காப்பே ஆபத்தாக மாறிவிடும். மூஸ் குறுக்கே வந்தால் நேராகப் பிரேக் பிடிக்க வேண்டும். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பக் கூடாது. திருப்பினால் வண்டி கவிழும், அல்லது எதிர்த்தடத்தில் வரும் குடும்பத்தின் மீது ஏறும்.

காக்காவின் கேள்வி

பொருத்திய காப்பின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஊரில் லாரி வைத்திருக்கும் என் மூத்த காக்கா அன்றிரவே அழைத்தார். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றி மதுரை, திருச்சி என்று ஓட்டுபவர்.

“அளவெல்லாம் எழுதி அனுப்பு தம்பி. நம்ம பட்டறையில மூணு இஞ்சு பைப்புல இதே மாதிரி செஞ்சு மாட்டிக்கிடுறேன்.”

“அங்க அது வேணாம் காக்கா,” என்றேன்.

“உனக்கு மூஸுன்னா எனக்கு மாடு. உன் உசுரு மட்டும்தான் உசுரா?”

அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் ஊர் லாரிகளின் முகப்பு தட்டையானது. பானெட் என்று ஒன்று முன்னால் இல்லை. ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவே இருப்பது சிறிதளவு தகடு மட்டுமே. காக்காவின் நண்பர் ஒருவர் நின்றிருந்த லாரியின் பின்புறம் மோதி இரு கால்களையும் இழந்தவர். “என் காலுதான்டா என் பம்பர்” என்று காக்கா சொன்னபோது அதில் மிகை எதுவும் இல்லை.

ஆயினும் அந்தப் பைப்பு எதற்கு எதிராக என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் பேசினோம். சுமை ஏற்றிய லாரியின் பின்புறம் மோதினால், பல டன் எடைக்கு எதிரே மூன்று அங்குலப் பைப்பு வளைந்து உள்ளே வருமே தவிர, காலைக் காக்காது. மாடு மோதினால் சிறிது உதவும். ஊரருகே மீட்பு வண்டியும் மெக்கானிக்கும் எட்டும் தூரத்தில் இருப்பதாலும், உறைய வைக்கும் குளிர் இல்லாததாலும், ரேடியேட்டர் உடைவது அங்கே பணச் சேதமே அன்றி உயிர்ச் சேதமன்று. மூன்றாவதாக மனிதர். காக்காவின் பாதையில் லாரிக்கு முன்னால் வருபவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வண்டிக்காரர்கள், சாலையைக் கடக்கும் முதியவர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். தட்டையான முகப்பு மோதினால் விசை உடலெங்கும் பரவும். முன்னால் நீட்டிய பைப்பு மோதினால் அதே விசை தலையிலோ நெஞ்சிலோ ஒரு சிறிய இடத்தில் குவியும். பிழைக்கக்கூடிய விபத்தை உயிர் போகும் விபத்தாக்க அதுவே போதும்.

ஆகவேதான் இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் வாகனங்களில் இத்தகைய முன்காப்புகளைப் பொருத்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணானது என்று அறிவித்து, அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றுவதை அப்பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நேர்ந்தால் இம்மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்யவும் இடமுண்டு.

அளவுகளை அனுப்புவதற்குப் பதிலாக, பைப்புக்கு ஆகும் பணத்தில் செய்யக்கூடியவற்றை எழுதி அனுப்பினேன். தட்டை முகப்பு லாரியில் கண்ணாடிக்குக் கீழே, வண்டிக்கு மிக அருகே நிற்பவர் ஓட்டுநருக்குத் தெரியமாட்டார். அந்த இடத்தைக் காட்டும் குவிந்த கண்ணாடி ஒன்று. முகப்பு விளக்குகளின் மட்டத்தைச் சரிசெய்தல். தேய்ந்த பிரேக் லைனிங்கை மாற்றுதல். ஓட்டுநரும் கிளீனரும் சீட் பெல்ட் அணிதல். அடுத்த வண்டி வாங்கும்போது, மோதலில் நசுங்காத கேபினா, அதற்கான சோதனையில் தேறியதா என்று விற்பனையாளரிடம் கேட்டுப் பார்த்தல். கால்களைப் பற்றிய அச்சத்துக்கு உண்மையான மருந்து இந்தக் கடைசி ஒன்றே.

காக்கா சில நாள் பேசவில்லை. பிறகு உம்மாதான் அழைத்து, கண்ணாடி மாட்டியாயிற்று என்றும், பட்டறைக்காரரிடம் பைப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றும் தெரிவித்தார். என் வாதத்தைக் காக்கா முழுவதும் ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். “நீ அங்க மாட்டிக்கிட்டு எனக்கு இங்க புத்தி சொல்ற” என்று இன்றும் இடித்துரைப்பார். நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: டொரன்டோ நகருக்குள் நுழையும்போது என் காப்புக்கு முன்னாலும் மனிதர்களே நடக்கிறார்கள். ஆதலால் நகர எல்லைக்குள் சந்திப்புகளை நெருங்கும்போது, பச்சை விளக்கு எரிந்தாலும் என் கால் பிரேக்கின் மேலேயே இருக்கும். வடக்குப் பாதையை விட்டு நகருக்குள்ளேயே ஓட்டும் வேலை கிடைத்தால், காப்பைக் கழற்றி விற்றுவிடுவது என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் கனரக வாகனம் ஓட்டுபவர் இருந்தால், இப்படிப்பட்ட காப்பை வாங்கும் முன் அவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். உங்கள் பாதையில் வண்டிக்கு முன்னால் அதிகம் வருவது விலங்கா, மனிதரா? அந்நாட்டுச் சட்டம் இதனை அனுமதிக்கிறதா? முன் அச்சு இன்னும் எவ்வளவு எடை தாங்கும்? ரேடாரும் விளக்கும் மறையுமா? சேஸிஸைப் பற்றி நிற்கிறதா, பம்பரில் தொங்குகிறதா? முதல் இரண்டு கேள்விகளுக்குச் சரியான விடை வராவிட்டால், மற்றவற்றைக் கேட்கத் தேவையில்லை.

சாலையில் செல்லும் நம்மவர்களையும், அவர்களுக்கு முன்னால் சாலையைக் கடப்பவர்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.